பாவும் ஊடும்: நோய்ப் பூஞ்சைகளில் இணைவகை

கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்த சிந்தாதிரிப்பேட்டைக்கு அப்பெயர் வந்த வரலாற்றை நம் நகரத்தார் பலர் அறிவர். 1734ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், நெசவாளர்களையும் நூற்போரையும் துணி வெளுப்போரையும் ஒருங்கே குடியமர்த்திய ஊர் அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே நாளடைவில் மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். இன்று அத்தெருக்களில் தறியோசை கேட்பதில்லை. பெயரில் மட்டும் தறி நிற்கின்றது.

தறிக்கு வேண்டுவன இரு நூல்கள். நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே பாய்வது ஊடு. பாவு எவ்வளவு நீளம் ஓடினாலும், ஊடு வந்து சேராதவரை அது நூலே அன்றித் துணி அன்று. இவ்விரண்டில் எது ஆண், எது பெண் என்று எவரும் வினவுவதில்லை. இரண்டும் வேறு வேறு. இரண்டும் கூடினால்தான் புதியதொன்று பிறக்கும். இதனை அறிந்தால் போதும்.

தறிக்குப் பயிர்களும் வேண்டும். நூலுக்குப் பருத்தி, பாவைத் தோய்க்கும் கஞ்சிக்கு அரிசி. கஞ்சி தோய்த்த பாவு மழை நாளில் காயாமல் கிடந்தால் பூசணம் பிடிக்கும் என்று நெசவாளர் அஞ்சுவர். அப்பூசணத்தின் இனத்தைச் சேர்ந்தவையே வயலில் நெல்லையும் பருத்தியையும் கரும்பையும் அழிக்கின்றன. சில மனித உடலிலும் புகுகின்றன. பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, காளான் எனப் பல பெயர்களால் வழங்கும் இவ்வுயிர்களுள் நோய் விளைப்பவை எவ்வாறு இணைகின்றன, அவ்விணைவை எந்த மரபணு ஆள்கின்றது, அதனால் நமக்கு நேரும் இழப்பு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு மாணவரின் மொழிபெயர்ப்பு. தாவரவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிய அவர், பூஞ்சையின் இரு வகைகளை ‘ஆண் பூஞ்சை, பெண் பூஞ்சை’ என்று எழுதியிருந்தார். படிப்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் பிழையாக இருந்தது. அப்பிழையைத் திருத்த முற்பட்டபோதுதான், அதற்கு வழங்கத் தக்க சொல் நம் கையில் ஆயத்தமாக இல்லை என்பதை உணர்ந்தோம்.

பால் என்றவுடன் ஆண், பெண் என்னும் இரண்டே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ் இலக்கணம் அச்சொல்லை அவ்வளவு குறுக்கவில்லை. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பவற்றோடு ஒன்றன்பால், பலவின்பால் என்பவற்றையும் சேர்த்துப் பால் ஐந்து என்கின்றது. பால் என்பதன் அடிப்படைப் பொருள் பகுப்பு என்பதே. அஃறிணைப் பொருளை வினைமுற்றால் சுட்டும்போது நாம் ஆண் பெண் வேறுபாடு காட்டுவதில்லை. களிறும் வந்தது, பிடியும் வந்தது. ஆகவே பூஞ்சைக்கு ஆண்மையும் பெண்மையும் ஏற்றி உரைக்கும் கட்டாயம் நம் மொழிக்கு இல்லை. இக்கட்டுரையில் நாம் ‘இணைவகை’ என்னும் சொல்லை ஆள்கின்றோம். ஒன்றோடொன்று இணையத் தக்க இரு வகைகளுள் ஒரு பூஞ்சை எதனைச் சேர்ந்தது என்பதை அது குறிக்கும்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. இணைவகை வேறு, ஆணாகவோ பெண்ணாகவோ செயற்படும் திறன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், நெல்லைத் தாக்கும் பூஞ்சையைப் பற்றிய முதன்மையான உண்மை ஒன்று நமக்குப் புலப்படாமலே போகும். அதனைப் பின்னர் விளக்குவோம்.

பிளேக்ஸ்லீ கண்டது

ரொட்டியில் படரும் ரைசோபஸ் முதலிய பூஞ்சைகள் சில வேளைகளில் கருநிறத் தடித்த வித்துகளைத் தோற்றுவிக்கும். பல வேளைகளில் தோற்றுவிப்பதில்லை. உணவு, ஈரம், வெப்பம் ஆகியவற்றின் வேறுபாடே இதற்குக் காரணம் என்று முற்காலத்தார் கருதினர். அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 1904ஆம் ஆண்டில் இக்கருத்தை மாற்றினார். ஒரே வித்திலிருந்து வளர்ந்த பூஞ்சை தனக்குள் இணைவதில்லை. தகுந்த வேறொரு பூஞ்சையை அருகில் வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் கரிய வித்துகள் வரிசையாகத் தோன்றுகின்றன என்று அவர் காட்டினார்.

இவ்விரு வகைகளும் உருவத்திலும் நிறத்திலும் ஒன்றுபோலவே இருந்தன. எதை ஆண் என்பது, எதைப் பெண் என்பது? பிளேக்ஸ்லீ இரண்டையும் அவ்வாறு அழைக்கவில்லை. கூட்டல் என்றும் கழித்தல் என்றும் குறியிட்டார். இணைய வேறொரு வகையை நாடும் பூஞ்சைகள் ஒருபுறம், தன்னந்தனியே வித்து உண்டாக்க வல்லவை மறுபுறம் என்னும் பாகுபாடும் அன்று தோன்றியதே. 2021ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்னும் பெயரில் நம் நாட்டை நடுங்கச் செய்த நோயை விளைப்பவற்றுள் முதன்மையானது, இதே ரைசோபஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ரொட்டிப் பூசணத்தில் செய்த ஆய்வு வீண் ஆய்வு அன்று என்பதற்கு இது சான்று.

ஒரே கதவெண், இரு குடும்பங்கள்

இணைவகையை முடிவு செய்வது எது? பெரும்பாலான பூஞ்சைகளில் குரோமோசோமின் ஒரு சிறு பகுதியே இதனை ஆள்கின்றது. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையில் இப்பகுதி மேட் 1 எனப்படும். ஒரு வகையில் அங்கே இருப்பது மேட் 1-1; மற்றதில் இருப்பது மேட் 1-2.

நம் கண்ணின் நிறத்தை ஆளும் மரபணுவில் வேறுபாடு இருப்பின், அது ஒரே மரபணுவின் சிறு எழுத்து மாற்றமாக இருக்கும். இணைவகைப் பகுதி அத்தகையதன்று. இரு பூஞ்சைகளிலும் இடம் ஒன்று. ஆனால் அவ்விடத்தில் உள்ள மரபணுக்கள் முற்றிலும் வேறு. ஒரே தெருவில் ஒரே கதவெண்ணில் ஓர் ஊரில் ஒரு குடும்பமும், மற்றோர் ஊரில் தொடர்பற்ற வேறொரு குடும்பமும் குடியிருப்பதைப் போன்றது இது.

இம்மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் நேரடியாக எதையும் கட்டுவதில்லை. அவை ஏவுவன, பிற மரபணுக்களை இயங்கச் செய்வன. ஒரு வகையின் ஏவலால் ஒருவிதமான வேதிக் குறிப்புப் பொருள் சுரக்கின்றது. மற்ற வகையின் ஏவலால் வேறு விதமான பொருள் சுரக்கின்றது. ஒவ்வொன்றும் எதிர்வகையின் குறிப்பை உணரும் ஏற்பியையே தன் செல்லின் மேற்புறத்தில் தாங்கி நிற்கின்றது. ஆகவே தன் வகையைச் சார்ந்தது அருகில் இருப்பினும் அதன் அழைப்பு கேட்பதில்லை. எதிர்வகையின் அழைப்பு கேட்டவுடன் செல்லுக்குள் செய்தி ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறி மையத்தை அடைகின்றது. இழைகள் ஒன்றையொன்று நோக்கி வளர்கின்றன.

பின்னர் நிகழ்வனவற்றைச் சுருங்கக் கூறுவோம். இரு வகைகளின் உட்கருக்களும் ஒரே செல்லில் இணையாக நின்று, தக்க தருணத்தில் ஒன்றாகின்றன. உடனே குன்றல் பிரிவு நிகழ்ந்து மரபணுக்கள் கலைத்து அடுக்கப்படுகின்றன. குலைநோய்ப் பூஞ்சையில், நீண்ட கழுத்துடைய கரிய குடுவை ஒன்றுக்குள் பல பைகள் தோன்றும்; பைக்கு எட்டு வித்துகள் வீதம் இருக்கும். அவ்வெட்டில் நான்கு ஒரு பெற்றோரின் இணைவகையையும், நான்கு மற்றதன் இணைவகையையும் பெறும்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. மேட் 1-2 பகுதியின் புரதமும், 1990ஆம் ஆண்டில் மனிதனில் கண்டறியப்பட்ட ஆண்மையை முடிவு செய்யும் மரபணுவின் புரதமும், மரபணு இழையைப் பற்றிக்கொள்வதற்கு ஒரே மாதிரியான உறுப்பைக் கொண்டுள்ளன. எனினும் இதனைக் கொண்டு மேட் 1-2 வகையை ஆண் என்று கூறிவிடலாகாது. கருவி ஒன்றாயினும் அதனால் செய்யும் தொழில் வேறு.

நெற்குலை நோய்: இரு பூட்டுகள்

இப்போது வயலுக்கு வருவோம். இந்தியாவில் நெற்குலை நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது நம் தஞ்சை வளநாட்டில், ஆண்டு 1913. 1919இல் அது அவ்வட்டாரத்தில் கொள்ளைநோயாகப் பரவியது. இலையில் கண்வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிரின் கழுத்தில் தாக்கினால் கதிர் ஒடிந்து தொங்கும், மணி பதராகும்.

இப்பூஞ்சையின் வித்து பேரிக்காய் வடிவும் மூன்று அறைகளும் கொண்டது. இலைமீது விழுந்த வித்து முளைத்து, குவிமாடம் போன்ற அழுத்துறுப்பு ஒன்றை அமைக்கின்றது. அதனுள் எழும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. மகிழுந்தின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று இரண்டு மடங்கு அளவே என்பதை எண்ணினால் இதன் வன்மை விளங்கும். அவ்வழுத்தத்தால் இலையின் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றது. இவ்வழுத்துறுப்பை அமைப்பதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தை 1996இல் கண்டறிந்தபோது, அப்புரதம் ரொட்டி ஈஸ்ட்டில் இணைசேர்க்கைச் செய்தியைக் கடத்தும் புரதத்தின் உறவு என்று தெரிந்தது. ஈஸ்ட்டில் துணையை நாடுவதற்குப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்றை, இப்பூஞ்சை பயிரைத் துளைப்பதற்குப் பயன்படுத்திக் கொண்டது.

குலைநோய்ப் பூஞ்சை வயலில் பெருகுவது இணைசேராமல்தான். ஒரு புள்ளியிலிருந்து ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகள் உதிரும். அவை தாயின் நகல்களே. இதன் இணைவு நிலை நெல் வயலில் இயற்கையாகக் காணப்பட்டதில்லை. 1971ஆம் ஆண்டில் ஹீபர்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், டிஜிடேரியா என்னும் புல்லிலிருந்து எடுத்த பூஞ்சைகளை ஆய்வகத்தில் இணைத்துக் காட்டிய பின்னரே அது இணையவும் வல்லது என்பது உலகுக்குத் தெரிந்தது.

இணைய வல்லதாயின் ஏன் இணைவதில்லை? இங்குதான் சொல்லின் தெளிவு நமக்குத் தேவைப்படுகின்றது. இணைவதற்கு இரு பூட்டுகள் திறக்கப்பட வேண்டும். முதற்பூட்டு இணைவகை, இருவரும் எதிரெதிர் வகையினராக இருத்தல் வேண்டும். இரண்டாம் பூட்டு பெண்மைத் திறன். இருவருள் ஒருவரேனும் குடுவையை அமைக்கவும் வித்தைத் தாங்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும். மேட் 1-1, மேட் 1-2 ஆகிய எதுவாயினும், திறன் முழுமையாக உள்ள பூஞ்சை தாயாகவும் தந்தையாகவும் செயற்படும். ஆனால் உலகின் நெல் வயல்களிலிருந்து எடுக்கப்படும் பூஞ்சைகளுள் பெரும்பாலானவை பெண்மைத் திறனை இழந்தவை. தந்தையாக மட்டுமே பயன்படுவன. எதிர்வகைகள் இரண்டு ஒரே வயலில் இருந்தாலும், இரண்டும் திறன் இழந்தவையாயின் இணைவு இல்லை. ஆண் பூஞ்சை, பெண் பூஞ்சை என்று பெயரிட்டுவிட்டால் இவ்வுண்மையை எழுதவே வழியில்லாமல் போகின்றது.

கேழ்வரகைத் தாக்கும் உறவினப் பூஞ்சைகள் இதற்கு மாறானவை. அவற்றுள் பல தாயாகவும் தந்தையாகவும் செயற்படும் முழுத் திறன் கொண்டவை. எனவே ஒரு நெற்பூஞ்சையின் இணைவகையை அறிய விரும்பும் ஆய்வாளர், இணைவகை தெரிந்த, திறன்மிக்க பூஞ்சை ஒன்றோடு அதனை ஒரே தட்டில் வளர்த்துப் பார்ப்பர். ஏறத்தாழ மூன்று வாரங்களில் இரண்டும் சந்திக்கும் கோட்டில் கரிய குடுவைகள் தோன்றினால், இரண்டும் எதிர்வகை என்பது உறுதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயங்கும் தாவரவியல் உயராய்வு மையத்தில், பேராசிரியர் ஞானமாணிக்கமும் அவர்தம் மாணவர்களும் 1990களின் இறுதியில் தென்னிந்திய வயல்களின் பூஞ்சைகளைக் கொண்டு இத்தகைய ஆய்வை மேற்கொண்டனர். நம் நகரிலேயே நடந்த இப்பணியை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இமயமலைப் பகுதியிலும் தென்கிழக்கு ஆசியாவின் மலைப்பகுதிகளிலும் நிலைமை சற்று வேறு. அங்கே இரு இணைவகைகளும் பெண்மைத் திறன் உள்ள பூஞ்சைகளும் ஒருங்கே காணப்படுகின்றன. இப்பூஞ்சையின் பழைய வாழிடம் அவ்வட்டாரமாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுவதற்கு இது ஒரு காரணம். அங்கிருந்து சமவெளிக்கு வந்தவை சில கொடிவழிகளே. அவை நகலெடுத்தே பெருகின.

இணைந்தால் என்ன கேடு?

நகலெடுத்துப் பெருகினாலும் நோய் நோய்தானே, இணைந்தால் என்ன, இணையாவிட்டால் என்ன என்று வினவலாம். எளிய கணக்கு ஒன்றால் இதனை விளக்குவோம்.

நெல்லில் நோயைத் தடுக்கும் மரபணுக்கள் உண்டு. பூஞ்சையில் ஒரு குறிப்பிட்ட மரபணு இருந்தால், நெல் அதனைக் கண்டுகொண்டு எதிர்த்து நிற்கும். பூஞ்சை அம்மரபணுவை இழந்துவிட்டால் நெல்லின் கண்ணுக்குத் தப்பிவிடும். நெல் வகை ஒன்றில் இரு தடுப்பு மரபணுக்களைச் சேர்த்து வைத்துள்ளோம் எனக் கொள்வோம். வயலில் உள்ள ஒரு பூஞ்சை முதல் தடுப்பை வெல்ல வல்லது. வேறொன்று இரண்டாம் தடுப்பை வெல்ல வல்லது. தனித்தனியே எதுவும் நம் நெல்லை வெல்லாது. இரண்டும் இணைந்துவிட்டாலோ, அவ்விரு மரபணுக்களும் தொடர்பின்றித் தனித்தனியே இருக்குமாயின், பிறக்கும் வித்துகளில் நான்கில் ஒன்று இரண்டையும் வெல்லும் திறனோடு பிறக்கும். பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நெல் வகை ஒரு பருவத்தில் வீழக்கூடும்.

இணைவு இல்லாவிட்டால் இக்கேடு ஒருபோதும் நேராது என்று கூறவில்லை. மரபணு திடீர் மாற்றத்தாலும் இழப்பாலும் பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கின்றது. ஆனால் அப்போது ஒவ்வொரு மாற்றமும் அந்தந்தக் கொடிவழிக்குள்ளேயே தனித்தனியே நிகழ வேண்டும். இணைவு இருப்பின், ஒன்று பெற்றதை மற்றது உடனே பெறும்.

கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் ஆனைக்கொம்பன் நெல்லிலிருந்து தேர்ந்த கோ 4, குலைநோயை எதிர்க்கும் திறனுக்காகப் பெயர்பெற்றது. அதனை ஆடுதுறை 10 வகையோடு இணைத்துக் கோ 25 உருவாக்கப்பட்டது. இதே கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ 39 என்னும் நெல், குலைநோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. அந்தக் குறையே அதற்கு உலகப்புகழ் தந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், தனித்தனித் தடுப்பு மரபணுக்களை ஏற்றிச் சோதிக்கும் தாய் வகையாக இதனையே கொண்டது. பூஞ்சையில் உள்ள ஒரு மரபணுவின் பெயரிலேயே கோ 39 இடம்பெற்றுள்ளது. ஆய்வகத்தில் பூஞ்சைகளை இணைத்து, பிறந்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தே அம்மரபணு கண்டறியப்பட்டது. வயலில் கேடாக அமையும் இணைவே ஆய்வகத்தில் அறிவுக்கு வாயிலாகின்றது.

கோதுமையில் நிகழ்ந்தது நமக்கு எச்சரிக்கை. 1985இல் பிரேசிலில் கோதுமைக் குலைநோய் தோன்றியது. 2016இல் அது வங்கதேசத்தை அடைந்து ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பரப்பைத் தாக்கியது. எல்லைக்கு இப்பால், மேற்கு வங்கத்தின் நதியா, முர்சிதாபாத் மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. வங்கதேசத்திலும், பின்னர் ஆப்பிரிக்காவின் சாம்பியாவிலும் பரவியது ஒரே கொடிவழி, ஒரே இணைவகை. ஆனால் ஆப்பிரிக்காவில் கேழ்வரகைத் தாக்கும் பூஞ்சைகளுள் அதற்கு எதிர்வகை உண்டு. ஆய்வகத்தில் அவை இணைகின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. தனியே வந்த பாவுக்கு அங்கே ஊடு காத்திருக்கின்றது என்பதே இதன் பொருள்.

கரும்பின் சாட்டை: இணைவே நோய்

குலைநோய்ப் பூஞ்சை இணையாமலே நோய் விளைக்கும். இணைந்தால்தான் நோய் விளைப்பதும் உண்டு. கரும்பின் கரிப்பூட்டை நோய் அத்தகையது.

நோயுற்ற கரும்பின் நுனியிலிருந்து சாட்டை போன்ற நீண்ட உறுப்பு வெளிவரும். முதலில் வெள்ளிநிற மெல்லிய தோல் மூடியிருக்கும். தோல் கிழிந்ததும் உள்ளே கரித்தூள். அத்தூள் முழுவதும் கோடிக்கணக்கான வித்துகள். வித்து முளைத்ததும் குன்றல் பிரிவு நிகழ்ந்து, ஈஸ்ட்டைப் போன்ற சிறு செல்கள் மொட்டுவிடும். அவற்றுள் பாதி ஓர் இணைவகை, மறுபாதி எதிர்வகை. தனித்து நிற்கும்வரை இச்செல்களால் கரும்புக்குத் தீங்கில்லை. எதிர்வகைகள் இரண்டு கூடி இரு உட்கருக்களைக் கொண்ட இழையான பின்னரே, அது கரும்பின் முளைக்கணுவைத் துளைத்து உட்புகும்.

இங்கே இணைவகைப் பகுதி இரு பணிகளைச் செய்கின்றது. ஒரு பகுதி எதிர்வகையை அழைக்கவும் அழைப்பை உணரவும் உதவும். மற்றொரு பகுதியில் உருவாகும் இரு வேறு புரதங்கள், வெவ்வேறு பெற்றோரிடமிருந்து வந்தால் மட்டுமே ஒன்றோடொன்று பொருந்தும். பொருந்திய இணையே நோய் விளைக்கும் மரபணுக்களை ஏவும். மக்காச்சோளக் கரிப்பூட்டையில் இவ்விரு பகுதிகளும் வேறு வேறு குரோமோசோம்களில் உள்ளன. கரும்பினதில் இரண்டும் ஒரே குரோமோசோமில் இணைந்து ஒன்றாகவே செல்கின்றன. ஆகவே கரும்புப் பூஞ்சைக்கு இணைவகை இரண்டே; ஒரே வித்தில் பிறந்த உடன்பிறப்புகளுக்குள்ளும் பாதிக்குப் பாதி பொருத்தம் அமைந்துவிடுகின்றது. அந்நோய் எளிதில் நிலைகொள்வதற்கு இதுவும் காரணம்.

1912இல் தொடங்கப்பெற்ற கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்கு நிலையம் எதிர்ப்புத் திறன் கொண்ட வகைகளைத் தேடி உழைத்து வருவதும், விதைக்கரணைகளை ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் நேர்த்தி செய்யுமாறு உழவர்க்கு அறிவுறுத்தப்படுவதும், சாட்டையைக் கண்டவுடன் தூள் சிதறாமல் சாக்குப்பையால் மூடி அறுத்து எரிக்கச் சொல்வதும் இந்நோயை முன்னிட்டே. எரிப்பது ஒரு கரும்பை மட்டுமன்று, கோடிக்கணக்கான இணைவுகளை.

பருத்தி: இணைவு காணப்படாத பூஞ்சை

சிந்தாதிரிப்பேட்டைத் தறிக்கு நூல் தந்த பருத்திக்கும் ஒரு பகை உண்டு. அதன் பெயர் வாடல் நோய். மண்ணில் வாழும் பியூசேரியம் ஆக்சிஸ்போரம் வேர்வழியே புகுந்து செடியை வாட்டுகின்றது. சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகே சேப்பாக்கத்தில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில், பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் தலைமையில் இந்நோய் ஆழ்ந்து ஆராயப்பட்டது. வாடும் செடிக்குள்ளேயே பூஞ்சை பியூசாரிக் அமிலம் என்னும் நஞ்சைத் தோற்றுவிப்பதை 1950களில் அவ்வாய்வகத்தார் வெளிப்படுத்தினர். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன், இணைவு நிலை அறியப்படாத பூஞ்சைகளை வகைப்படுத்துவதில் உலகப்புகழ் பெற்றார்; 1971இல் வெளிவந்த அவரது ‘ஹைபோமைசீட்ஸ்’ நூல் இத்துறையில் பலகாலம் வழிகாட்டியாக நின்றது.

பருத்தி வாடல் பூஞ்சைக்கு இணைவு நிலை இன்றளவும் கண்டறியப்படவில்லை. எனினும் இணைவகை மரபணுக்கள் அதனிடம் உள்ளன. அவை செயலற்றுப் போகவும் இல்லை என்று 2000ஆம் ஆண்டில் தெரிந்தது. தறி இல்லாத வீட்டில் நாடா மட்டும் பத்திரமாக இருப்பதைப் போன்றது இது. என்றோ நெய்த குடும்பம் என்பதற்கு அது சான்றா, எங்கோ இன்றும் மறைவாக நெய்கின்றதா என்பதே ஆய்வாளர்முன் நிற்கும் வினா.

பூஞ்சைக்கு ஒரு காலத்தில் இரு பெயர்கள் வழங்கின. இணைவு நிலைக்கு ஒன்று. இணையா நிலைக்கு மற்றொன்று. குலைநோய்ப் பூஞ்சையே இணையா நிலையில் பைரிகுலேரியா எனவும், இணைவு நிலையில் மேக்னபோர்தே எனவும் அழைக்கப்பட்டது. 2011இல் மெல்பர்ன் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயரே என முடிவு செய்தது. பெயரிடுதலில் தமிழ்த்துறையினராகிய நாம் படும் இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

மனிதரை வருத்துவன

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் இணைவு நிலையை 1975இல் குவான்-சங் என்னும் பெண் அறிஞர் கண்டறிந்தார். ஏ, ஆல்பா என்பன அதன் இணைவகைகள். நோயாளிகளிடமும் சூழலிலும் மிகப் பெரும்பாலும் கிடைப்பது ஆல்பா வகையே. எதிர்வகை இவ்வளவு அரிதாயின் அது இணைவதே இல்லையோ என ஐயுற்றனர். ஆல்பாவும் ஆல்பாவுமே இணைய வல்லன என்று 2005இல் தெரியவந்தது. பாவும் பாவும் கூடியே துணியாகும் அரிய வழக்கு இது. இயற்கையை ஆராய்வோர் தம் விதிகளைத் தளர்த்திக்கொள்ளவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பெயரறியாத ஈஸ்ட் ஒன்று எடுக்கப்பட்டது. கேண்டிடா ஆரிஸ் எனப் பெயர்பெற்ற அது, சில ஆண்டுகளில் இந்தியா உட்படப் பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவியது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதது. உலகின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனிக் கொடிவழிகளாக அது தோன்றியுள்ளது. ஒரு கொடிவழியில் உள்ளவை யாவும் ஒரே இணைவகை. தெற்காசியக் கொடிவழி ஏ வகை. தென்னாப்பிரிக்கக் கொடிவழி ஆல்பா வகை. இதுவரை அவை இணைந்ததாகக் காணப்படவில்லை. ஆயினும் நோயாளிகள் நாடுவிட்டு நாடு செல்லும் இக்காலத்தில், எதிர்வகைகள் ஒரே மருத்துவமனையில் சந்திக்கும் வாய்ப்பை மருத்துவ உலகம் கவலையோடு நோக்குகின்றது.

நிறைவாக

நோய்ப் பூஞ்சைக்கு ஆண் பெண் என்னும் பகுப்புப் பொருந்தாது. இணைவகை என்பதே பொருந்தும். குரோமோசோமின் ஒரு சிறு பகுதி அதனை ஆள்கின்றது. சில பூஞ்சைகளில் இணைவே நோய்; சிலவற்றில் இணைவு நோயின் கூர்மையைப் புதுப்பிக்கும் வழி; சிலவற்றில் அது உறங்கும் ஆற்றல். நம் நெல்வயல்களில் அவ்வாற்றல் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கின்றது. அதற்குக் காவல் எதிர்வகை இல்லாமையோ, பெண்மைத் திறன் இல்லாமையோ ஆகும். அக்காவலை நாமே அறியாமல் நீக்கிவிடலாகாது.

அயலூரிலிருந்து விதையோ கரணையோ வைக்கோலோ வரும்போது, பூஞ்சையும் உடன் வரலாம். அது நம் வயலில் இல்லாத இணைவகையாக இருக்கலாம். சோதிக்காத விதையை எல்லை கடந்து கொண்டுவருதல் குற்றம் என்னும் சட்டம், ஏட்டுக்கு எழுதிய சட்டமன்று. பரந்த நிலமெங்கும் ஒரே நெல் வகையைப் பயிரிடாமல் பல வகைகளைப் பயிரிடுவதும், தழைச்சத்தை அளவோடு இடுவதும் உழவர் கையில் உள்ள காவல்கள். பூஞ்சைகளை ஆண்டுதோறும் சேகரித்து அவற்றின் இணைவகையையும் திறனையும் பதிவு செய்வது ஆய்வாளர் கடமை.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு தவறான சொல் மாணவரின் சிந்தையில் ஒரு தவறான உயிரையே வளர்த்துவிடும். மொழிபெயர்ப்பைத் திருத்தித் தந்தபோது அம்மாணவர் கேட்டார்: ‘அப்படியானால் இரண்டில் எது உயர்ந்தது?’ பாவா ஊடா, எது உயர்ந்தது என்று அவரையே கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்து, ‘தறிக்காரரைத்தான் கேட்க வேண்டும்’ என்றார். அவ்விடை நமக்கு நிறைவளித்தது. பொருளை அறிந்தாரைக் கேட்டுச் சொல்லை அமைத்தல், சொல்லை அமைத்தபின் பொருளை மீண்டும் சரிபார்த்தல் ஆகிய இரண்டும் கூடினால்தான் அறிவியல் தமிழ் நெய்யப்படும்.